முள் எழவில்லை

நெல்லிக்கொல்லை
7.10.2024

அன்புள்ள வஹீதா அக்காவுக்கு எழில் எழுதிக்கொண்டது.

நானும் வயிற்றில் இருப்பதும் இன்றைய தேதிக்கு நலம். உங்கள் நலமும் பாஷா மாமாவின் மாவுக்கட்டுக் காலின் நலமும் அறிய ஆவல். போனில் சொல்லலாம் என்றால் பாறை மேட்டில் ஏறினால்தான் இங்கே சிக்னல். இந்த எட்டாம் மாத வயிற்றோடு நான் எங்கே ஏறுவது? கண்டக்டர் வேதாசலம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஆம்பூர் வந்ததும் உங்கள் மெக்கானிக் ஷெட்டில் கொடுத்துவிடுவார். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

ஜீப் ஓடுகிறது என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். மாமா புது பிஸ்டன், புது பேரிங் போட்டு அனுப்பிய எஞ்சினைப் பால் வேனிலிருந்து நாலு பேர் இறக்கினார்கள். மேலே பூட்ட வேண்டிய ஆயில் பம்ப், ரேடியேட்டர் எல்லாவற்றையும் உங்கள் தம்பியே ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் பூட்டினார். (கட்டினவனைப் பேர் சொல்லி எழுதாதே என்று நீங்கள்தான் கிண்டல் செய்வீர்கள், அதனால் உங்கள் தம்பி என்றே எழுதுகிறேன்.) நேற்று ஸ்டார்ட் செய்தார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. தெருவே கூடி நின்று கை தட்டியது.

நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாமா சொன்னது ஞாபகம் இருந்தது: எஞ்சின் கட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது வேறு எதையும் பார்க்காதே, ஆயில் பிரஷர் முள்ளை மட்டும் பார். பார்த்தேன் அக்கா. முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. நிறுத்துங்க என்று கத்தினேன். கை தட்டலில் அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினார். எண்ணெய் அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே ஏறவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. போன பிரசவத்துக்கு இதே ஜீப் மூன்றாவது வளைவில் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். வேறு வண்டி வருவதற்குள் என் மகள் போய்விட்டாள். இந்தத் தடவை ஸ்கேனுக்கு பஸ்ஸில் போய் வந்ததில் ரத்தம் பட்டது. இனி பஸ் கூடாது, வலி வரும்வரை படுத்தே இருக்கணும், வந்ததும் மெத்தை போட்டு மெதுவாகக் கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா. ஆம்புலன்ஸ் ஓடை வரைக்கும்தான் வரும். மழைத்தண்ணீர் போனால் ஓடையைத் தாண்ட ஜீப்பை விட்டால் கதியில்லை.

மாமாவைக் கேட்டு உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
எழில்


ஆம்பூர்
8.10.2024

என் செல்ல எழிலுக்கு வஹீதா அக்காவின் சலாமும் திட்டும்.

திட்டு எதற்கென்றால், படுத்திருக்க வேண்டியவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததற்கு. ஜீப் குலுங்கினால் யார் பதில் சொல்வது? இனிமேல் கட்டிலில் இருந்தே முள்ளை விசாரி.

உன் மாமா கட்டுக்காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இன்னொரு தரம் ஸ்டார்ட் செய்யவே கூடாதாம். எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினாலும் புது பேரிங் தேய்ந்துபோகுமாம். முதலில் முள்ளே பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முள்ளுக்குப் போகிற செம்புக் குழாயைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றச் சொல். குழாயில் எண்ணெய் வந்தால் முள்தான் கெட்டது. வராவிட்டால் பம்ப் எண்ணெயை உறிஞ்சவில்லை. காய்ந்த பம்ப் காற்றைத்தான் இழுக்கும். அதைக் கழற்றி உள்ளே வாசலினை நிறைய அடைத்து, பில்டரிலும் எண்ணெய் ஊற்றி மறுபடி பூட்டட்டும். பம்பை எடுக்கும்போது டைமிங் மாறாமல், எந்தப் பல் எங்கே இருந்தது என்று குறி வைத்துக்கொள்ளச் சொல்.

பம்ப் மூடி ஒழுகாமல் இருக்க அடியில் வைத்த பேக்கிங் எல்லாம் பாக்கெட்டில் வந்ததுதானா என்று தம்பியைக் கேட்டு எழுது என்கிறார்.

கால் சரியாக இருந்தால் இன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன் என்று பேஜாராகிப் புலம்புகிறார். நீ பயப்படாதே, சாப்பிடு. இரவுத் தொழுகையில் உன் பேரைச் சொல்லித்தான் துவா கேட்கிறேன்.

வஹீதா


நெல்லிக்கொல்லை
10.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா சொன்னதெல்லாம் செய்தாயிற்று. குழாயைக் கழற்றி உங்கள் தம்பி கை ஓயும்வரை சுற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. வாசலின் அடைத்துப் பூட்டிய பிறகு சுற்றினால் குழாய் வாயில் கொஞ்சம் ஈரம் கசிந்தது. அந்த சந்தோஷத்தில் ஸ்டார்ட் செய்துவிட்டார். முள் நக அளவு எழுந்தது. நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், உயிரே வந்தது. உடனே விழுந்துவிட்டது. மறுபடி எழவே இல்லை.

பேக்கிங் பற்றிக் கேட்டேன். "எல்லாம் சரியாத்தான் போட்டேன், எனக்குத் தெரியாதா?" என்று என் மேல் எரிந்து விழுந்தார். அவர் அப்படிப் பேசுகிற ஆளில்லை. தூக்கமில்லை அக்கா, அவருக்கும் பயம்தான். என்னிடம் காட்டாமல் ஜீப்பிடம் காட்டுகிறார்.

பக்கத்து ஊரில் லாரி ஓட்டின ஒருவர் வந்து பார்த்தார். பிளாக்கைக் கழுவும்போது எண்ணெய் போகிற துளையின் கோடியை அடைத்திருக்கும் பிளக்கைக் கழற்றுவார்களாம். அதைத் திரும்பப் போட மறந்திருந்தால் எண்ணெய் எல்லாம் அங்கேயே கொட்டிவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து உங்கள் தம்பியின் முகமே மாறிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு பாறை மேட்டுக்குப் போயிருக்கிறார். மாமாவிடம் என்ன பேசப்போகிறாரோ என்று உதறலாக இருக்கிறது. ஏதாவது தப்பாகப் பேசினால் என்னை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றிலிருந்து வயிறு அடிக்கடி கல்லு மாதிரி இறுகித் தளர்கிறது. வலி இல்லை. அவரிடம் சொல்லவில்லை.

எழில்


ஆம்பூர்
12.10.2024

எழிலரசிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் வீட்டுக்காரர் போனில் பேசினது என் காதிலும் விழுந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "கால் உடைஞ்சா புத்தியும் உடைஞ்சிடுமா பாய்? என் பொண்டாட்டிக்கு எதனா ஆச்சுன்னா உன்ன சும்மா வுடமாட்டேன்." தம்பி தம்பி என்று ஈத் பிரியாணிக்கு முதல் தட்டு எடுத்து வைத்த வீட்டுக்கு வந்த பேச்சு இது.

உன் மாமா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அது உனக்குத் தெரியணும். போனை வைத்துவிட்டு, நான் அந்த பிளக்கைப் போட்டேனா வஹீதா என்று என்னையே கேட்டார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன் எழில். மரையில் பசை தடவி இறுக்கினார், என் கண்ணால் பார்த்தேன். அப்படிச் சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு நாளாகத் தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷமாக எஞ்சின் கட்டுகிற மனுஷன், தன் கையையே சந்தேகப்படுகிறார்.

பிளக் இருக்கிறதா என்று பார்க்க முழு எஞ்சினையும் பிரிக்கத் தேவையில்லை, பின்பக்கம் டார்ச் அடித்தால் தெரியும். பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வஹீதா


நெல்லிக்கொல்லை
14.10.2024

அக்கா, அக்கா,

என் பேரை முழுசாக எழுதிவிட்டீர்களே. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அவர் பேசினதுக்கு நான் உங்கள் காலில் விழுகிறேன். மாமாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பிளக் இருக்கிறது. உங்கள் தம்பி டார்ச் அடித்துப் பார்த்தார். மாமா தடவின பசைகூட அப்படியே தெரிகிறதாம். வந்து சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு செய்ததைக் கேளுங்கள். பிளக் இருக்கு, பம்ப் இருக்கு, எண்ணெய் இருக்கு, அப்போ முள்தான் பொய் சொல்லுது என்று முள்ளின் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஜீப்பைப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். ஒரு சுற்றுதான். திரும்பி வரும்போது உள்ளே யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம். நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "வலி வந்தா இப்படியேதான் இறக்குவேன், இறக்கம்தானே, ஓடிடும்" என்கிறார்.

இறக்கம்தான். நடுவில் எஞ்சின் உள்ளே இறுகிப்போய்ச் சக்கரம் நின்றுபோனால்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எனக்கு மூன்றாவது வளைவுதான் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு இலுப்பை மரம் இருக்கிறது. அதன் அடியில்தான் போன தடவை என்னைப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடினால் அந்த மரம்தான் தெரிகிறது.

சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அவர் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. நான்தான் எடுத்தேன் என்று அவருக்குத் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டது. வயிறு இறுகுவது ஜாஸ்தியாகிறது. கோபம் இருந்தால் பிறகு ஒரு நாள் உட்காரவைத்துத் திட்டுங்கள். இப்போது கைவிடாதீர்கள்.

எழில்


ஆம்பூர்
15.10.2024

அடியே எழில்,

கோபமாவது மண்ணாவது. உன் கடிதம் வந்ததும் மற்ற வேலையை எல்லாம் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். சாவியை எடுத்தாயே, அதுதான் என் தங்கச்சி. பானையை விட்டு வெளியே எடுக்காதே. அந்த ஜீப்பை ஒரு அடி நகர்த்தினாலும் நான் என் நொண்டி மனுஷனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறி வருவேன் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்.

பிளக் விஷயத்தை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். இத்தனை நாள் கழித்து முழுத் தட்டு சோறு சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். பம்ப் சுற்றுகிறது, வாசலின் இருந்தவரைக்கும் கொஞ்சம் தள்ளியது, பிறகு தள்ளவில்லை. அப்படியென்றால் பம்புக்குள்ளேயே எங்கோ இடைவெளி இருக்கிறது என்கிறார். எங்கே என்று அவருக்குப் புரியவில்லை. பம்ப் புதுசு, அவரே சோதித்து அனுப்பினது.

எனக்கு ஒன்று தோன்றியது. நாங்கள் கேட்டதெல்லாம் உன் வீட்டுக்காரரைத்தான். பயத்தில் இருக்கிற ஆம்பிளை, எல்லாம் சரி என்றுதான் சொல்வான். அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்த ஒரு வாரம் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா? நாம் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்தபோது சூப்பர்வைசரின் மிஷினையே கழற்றிப் பார்த்தவள்தானே நீ. அந்த எஞ்சினில் உன் கை எங்கெங்கே பட்டது? துடைத்தது, எடுத்துக் கொடுத்தது, எதுவானாலும் விடாமல் எழுது. வேதாசலத்தை நிற்கவைத்துப் பதில் கொடுத்தனுப்பு.

வஹீதா அக்கா


நெல்லிக்கொல்லை
16.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அடியே என்று கூப்பிட்டீர்கள், பாதி பயம் போயிற்று.

வேதாசலம் அண்ணன் ஹாரன் அடிக்கிறார், சீக்கிரம் எழுதுகிறேன். நான் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தேன். பிஸ்டன் பக்கம் போகவே இல்லை. அடியில் எண்ணெய் நிற்கிற சம்ப்பைத் துடைத்தது நான்தான், நல்ல வெள்ளைத் துணியால், ஒரு நூல் விடவில்லை.

அப்புறம் ஒரு பேக்கிங் வெட்டிக் கொடுத்தேன். பம்ப் மூடிக்குப் பாக்கெட்டில் வந்த காகிதம் அவர் அவசரத்தில் வைக்கும்போது கிழிந்துவிட்டது. ஆம்பூருக்குச் சொல்லி அனுப்பினால் இரண்டு நாள் ஆகும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என்னிடம் ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற லைனிங் ஆட்டுத்தோல் துண்டு இருந்தது, கல்யாணத்துக்கு கட்டிங்கில் எல்லோரும் கட்டிக்கொடுத்த மூட்டையில் வந்தது. மூடியை மேலே வைத்துக் கோடு போட்டு, என் பழைய கத்தியால் வெட்டினேன். அத்தனை ஓட்டையும் ஒரு மயிரிழை தப்பாமல் உட்கார்ந்தது. கம்பெனியில் தண்ணிக் குழாய், காற்றுக் குழாய் எல்லாவற்றுக்கும் நாம் தோல் வாஷர்தானே போடுவோம், வருஷக்கணக்கில் ஒழுகாதே. இதுவும் ஒரு சொட்டு வெளியே கசியவில்லை. அதைப் பார்த்து அவர், "காகிதத்துக்கு உன் தோல் எவ்ளோ மேலு" என்றார். கிழிந்ததை மாமாவிடம் சொல்ல வேண்டாம், சிரிப்பார் என்றார். அதனால் எழுதவில்லை.

வேறு எதையும் தொடவில்லை.

எழில்


ஆம்பூர்
17.10.2024

எழிலு,

இந்தக் கடிதம் ஏன் பழுப்புக் காகிதத்தில் இருக்கிறது என்று பார்க்கிறாயா? முழுசாகப் படித்துவிட்டுக் கத்தியை எடு.

உன் கடிதத்தை நான் படிக்க, உன் மாமா தோல் என்ற இடத்தில் நாற்காலியில் இருந்து எழுந்தே நின்றுவிட்டார், கட்டுக்காலோடு. பிறகு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்த ஊர் பொண்ணுங்கதான் இத பண்ணுவாங்க" என்றார்.

விஷயம் இதுதான். அந்த மூடிக்குள் இரண்டு பல்சக்கரம் சுற்றுகிறது. அதற்கும் மூடிக்கும் நடுவில் ஒரு காகிதக் கனம்தான் இடம் இருக்கணும். நீ வைத்த தோல் அதைப் போல நாலு மடங்கு கனம். எண்ணெய் வெளியே ஒழுகாது, சரிதான். ஆனால் மேலே ஏறாமல் அந்த இடைவெளியிலேயே திரும்பித் திரும்பி ஓடிவிடும். வாசலின் கெட்டியாக இருந்ததால் கொஞ்ச நேரம் தள்ளியது, கரைந்ததும் போயிற்று. நீ தப்பாக வெட்டவில்லை எழில். வெட்டினது உன் கை, அது தப்பாக வெட்டாது. வெட்டினது தோலாகப் போயிற்று, அவ்வளவுதான். அதை நினைத்து அழுது வயிற்றை இறுக்கிக்கொள்ளாதே.

இது பேக்கிங் வெட்டுகிற ஆயில் பேப்பர். எழுதுவதற்கு வேறு, வெட்டுவதற்கு வேறு என்று அனுப்பினால் மழையில் ஒன்று தொலையும் என்று இதிலேயே எழுதுகிறேன். தோல் துண்டையே அளவாக வைத்து வெட்டு. ஒன்றே ஒன்று, ஒற்றைக் கனம், பசை தடவாதே. மறுபடி வாசலின் அடைத்துப் பூட்டட்டும். அதற்கு முன்னால் சம்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது திறந்து பார்க்கச் சொல். கோடு விழுந்திருந்தால் பரவாயில்லை, மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அந்த ஜீப்பில் நீ ஏறக்கூடாது, எனக்கு போன் செய்யச் சொல், நான் எதையாவது பிடித்துக்கொண்டு ஓடை வரைக்கும் வருகிறேன். எண்ணெய் சூடானால் முள் கொஞ்சம் இறங்கும், அது சகஜம். ஓடும்போது இருபதுக்குக் கீழே போனால் நிறுத்து.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒழுங்காகச் சோறு தின்னு.

வஹீதா அக்கா


நெல்லிக்கொல்லை
19.10.2024, காலை

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் என்னிடம் இல்லை. எஞ்சினுக்குள் இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தபடியே பலகை வைத்து வெட்டினேன். இத்தனை வருஷம் வெட்டினதில் இரண்டு தடவை அளந்தது இந்த ஒன்றைத்தான். நடுவில் வெட்டி விழுந்த துண்டு மட்டும் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அதில் "சோறு தின்னு" என்பது மட்டும் மிச்சம்.

தோல்தான் காரணம் என்று அவரிடம் சொல்ல ஒரு ராத்திரி முழுக்க பயந்தேன். சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "கிழிச்சவன் நானு. மறைச்சவனும் நானு. திட்டு வாங்கினது பாய்" என்றார். அப்படியே மழையில் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார்.

பேரிங்கில் கோடு இருக்கிறது, செம்பு தெரியவில்லை. நேற்று சாயங்காலம் பூட்டி முடித்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் செம்புக் குழாயில் எண்ணெய் பீச்சி அவர் சட்டை எல்லாம் அடித்தது. துடைக்கவே இல்லை, அப்படியே வந்து காட்டினார். நான் அரிசிப் பானையில் கையை விட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டார்ட் செய்ததும் முள் எழுந்து நாற்பதில் நின்றது. தெருவில் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் முள்ளையே எட்டிப் பார்த்தார்கள்.

மெதுவாக ஓடும்போது அந்தத் தட்டுகிற சத்தம் கொஞ்சம் இருக்கிறது. போய்விடும் என்கிறார். போகுமா அக்கா?

விடியற்காலையில் வலி ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை இறுகல் இல்லை, வலியேதான். நேற்று பஸ் வரவில்லை, ஓடையில் தண்ணீர் போகிறது. ஆம்புலன்ஸ் ஓடைக்கு வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகுமாம். பின்னால் மெத்தை போட்டிருக்கிறார். நான் அதில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முன் சீட்டில்தான் உட்காருவேன். அவர் ரோட்டைப் பார்க்கட்டும், முள்ளை நான் பார்த்துக்கொள்கிறேன். திட்டுவீர்கள், தெரியும்.

மாமாவிடம் சொல்ல உங்கள் தம்பி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தார். அதை நான் எழுதமாட்டேன். ஷெட் வாசலில் நிறுத்தி அவரே இறங்கிச் சொல்லட்டும். நீங்கள் அந்த நேரத்தில் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்கு என்கூட வரணும்.

இந்தக் கடிதம் பஸ்ஸில் வராது. என் மடியிலேயே வருகிறது.

எழில்

அக்கா, ஓடை தாண்டியாச்சு. வண்டி ஆடுது, எழுத்து கோணலா இருக்கும். எண்ணெய் சூடாகி முள் முப்பதுக்கு இறங்கிச்சு. அவர்கிட்ட சொல்லலை, மாமா சொன்னது ஞாபகம் இருக்கு.

இருபத்தஞ்சு. வலி வருது, பொறுத்துக்கிட்டேன். இலுப்பை மரம் தெரியுது. அவர் அந்தப் பக்கம் பார்க்கலை. நானும் பார்க்கலை, முள்ளைத்தான் பார்க்கிறேன்.

மூணாவது வளைவு தாண்டிட்டோம். இருபத்தஞ்சுலேயே நிக்குது.